மெஷின் எப்போது நிற்கிறது? மரம் அறுக்கும் மெஷினில் கோளாறு கண்டுபிடிக்க எளிய வழிகள்



ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே நம் பகுதியில் புயல் பேச்சு தொடங்கிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் தெருக்களில் விழுந்த மரங்களை அறுத்து எடுத்த பிறகுதான் வண்டி போக வழி கிடைத்தது. அந்த வேலையைச் செய்தது பெட்ரோலில் ஓடும் கைமெஷின். செயின் ரம்பம் என்றும், பவர் ரம்பம் என்றும் சொல்கிறார்கள். புயல் இல்லாத நாட்களிலும் கிளை கழிக்க, விறகு அறுக்க, பழைய மரச்சாமான் பிரிக்க இதற்கு வேலை உண்டு.

நமது கூட்டமைப்பில் சில குழுக்கள் உள்கடனாகவோ வங்கிக் கடனாகவோ இந்த மெஷின் வாங்கப் பணம் கொடுத்திருக்கின்றன. பெரும்பாலும் மெஷினைப் பிடிப்பவர் கணவர் அல்லது மகன். ஆனால் கடன் நோட்டில் இருப்பது யார் கையெழுத்து? உங்கள் கையெழுத்துத்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மெஷின் ரிப்பேர், இந்த மாசம் தவணை கட்ட முடியாது" என்று சொல்லும்போது, "என்ன ரிப்பேர்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. மெக்கானிக் கேட்கும் பணம் சரியா, தவறா என்றும் தெரிவதில்லை.

குழுக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஓர் உறுப்பினர், "மேடம், இன்ஜினப் பத்தி நமக்கு இன்னா தெரியும்? அதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்றார். அடுப்பு சரியாக எரியவில்லை என்றால் காற்று போகவில்லையா, விறகு ஈரமா, சாம்பல் அடைத்திருக்கிறதா என்று நாம் பார்ப்பதில்லையா? இன்ஜினும் ஓர் அடுப்புத்தான். அது எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கவனித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று பாதிக்கு மேல் தெரிந்துவிடும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இன்ஜினுக்கு வேண்டியவை நான்கு

1. காற்று: ஏர் பில்டர் வழியாக உள்ளே வருகிறது.
2. பெட்ரோல்: டேங்கில் இருந்து பைப் வழியாகக் கார்பரேட்டருக்கு வந்து காற்றோடு கலக்கிறது.
3. நெருப்புப் பொறி: பிளக் கொடுக்கிறது. மெக்கானிக்குகள் இதைக் "கரண்ட்" என்பார்கள்.
4. அழுத்தம்: பிஸ்டன் மேலே போகும்போது காற்றையும் பெட்ரோலையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதைக் "கம்ப்ரஷன்" என்பார்கள்.

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் இன்ஜின் ஓடாது, அல்லது சரியாக ஓடாது. எந்தக் கோளாறு வந்தாலும் "இந்த நாலுல எது குறையுது?" என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொரு விஷயமும் முக்கியம். பைக், காரில் இன்ஜின் ஆயிலைத் தனியாக ஊற்றுகிறோம். இந்த மெஷினில் பெட்ரோலோடு டூ-டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். பிஸ்டன் தேயாமல் காப்பது அந்த ஆயில்தான். ஆகவே பெட்ரோல் குறைவாகப் போனால் ஆயிலும் குறைவாகப் போகிறது என்று பொருள். இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. ஆயில் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பிஸ்டன் கீறிவிடும். "சீஸ் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். சீஸ் ஆன மெஷினைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் செலவாகும். சில சமயம் புது மெஷின் வாங்குவதே மேல் என்று ஆகிவிடும். அப்போதும் கடன் தவணை நிற்காது.

தொடுவதற்கு முன் பாதுகாப்பு

இந்த மெஷின் ஒரு நொடியில் கையை அறுத்துவிடும். எனவே கீழே உள்ளவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

• சுத்தம் செய்யும்போதும் சோதிக்கும்போதும் சுவிட்சை ஆஃப் செய்து, பிளக் மேல் உள்ள ரப்பர் தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.
• ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டுமானால், பழக்கம் உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டும். மெஷினைத் தரையில் வைத்து, முன்பக்கக் காப்புத் தட்டை முன்னே தள்ளி பிரேக் போட்டு, பின்கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிறு இழுக்க வேண்டும். கையில் தொங்கவிட்டு இழுக்கக் கூடாது.
• புடவைத் தலைப்பு, துப்பட்டா, தலைமுடி எதுவும் தொங்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.
• சைலன்சர் நெருப்பாகச் சுடும். சூடாக இருக்கும்போது பெட்ரோல் மூடியைத் திறக்கக் கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள்.
• பெட்ரோல் இருக்கும் இடத்தில் பீடி, சிகரெட், அடுப்பு, விளக்கு கூடாது.

இனி நம் உறுப்பினர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கயிறு இழுத்து இழுத்து கையே ஓய்ஞ்சுபோச்சு, ஸ்டார்ட் ஆவல"

முதலில் எளிதானவற்றைப் பாருங்கள். சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா? டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? அது எத்தனை நாள் பழசு? இவை சரி என்றால், எட்டு, பத்து முறை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி ஈரமா, காய்ந்திருக்கிறதா?

காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. டேங்கினுள் பைப் முனையில் சிறிய பில்டர் இருக்கும். வளைந்த கம்பியால் அதை மெதுவாக வெளியே எடுக்கலாம். கறுத்து அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். பைப்பில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் கார்பரேட்டர் அடைத்திருக்கலாம்.

ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. சோக் போட்டே பலமுறை இழுத்தால் பெட்ரோல் அதிகமாகி நனைந்துவிடும். பிளக்கைத் துடைத்துக் காயவையுங்கள். சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே நாலைந்து முறை கயிறு இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறும். சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கை மாட்டி முயலுங்கள்.

அப்போதும் ஓடவில்லை என்றால் பொறியைப் பார்க்க வேண்டும். பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிடி உறை போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, பிளக்கின் இரும்பு உடலை இன்ஜின் இரும்பில் வைத்து, சுவிட்சை ஆன் செய்து, இன்னொருவர் கயிறு இழுக்க வேண்டும். நீலநிறப் பொறி தெறித்தால் நல்லது. இதைச் செய்யும்போது பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் பிளக்கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி இல்லை என்றால் முதலில் புது பிளக் போட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. புது பிளக்கிலும் பொறி வராவிட்டால் சுவிட்ச் ஒயர் அல்லது காயில். அது மெக்கானிக் வேலை.

"ஸ்டார்ட் ஆவுது, ரேஸ் குடுத்தா ஆஃப் ஆயிடுது"

இதுதான் அதிகம் வரும் புகார். மெதுவாக ஓடும்போது கொஞ்சம் பெட்ரோல் போதும். ரேஸ் கொடுக்கும்போது நிறைய வேண்டும், அது வந்து சேரவில்லை. பெரும்பாலும் டேங்க் பில்டர் அடைப்பு, பைப் வெடிப்பு, அல்லது கார்பரேட்டருக்குள் உள்ள நுண்சல்லடையில் அடைப்புத்தான் காரணம்.

கார்பரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷினைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் இன்ஜின் ஓட வேண்டும் அல்லவா? அதனால் பைக்கில் இருப்பது போல மிதவை இதில் கிடையாது. "டயாப்ரம்" என்ற மெல்லிய ரப்பர் தகடு துடித்துத்தான் பெட்ரோலை இழுக்கிறது, அளந்தும் விடுகிறது. பழைய பெட்ரோலை டேங்கிலேயே விட்டுவைத்தால் இந்தத் தகடு விறைத்துப் போகும். பிறகு எவ்வளவு திருகினாலும் சரியாகாது. டயாப்ரம், கேஸ்கட் சேர்ந்த "கிட்" தனியாகக் கிடைக்கிறது. முழுக் கார்பரேட்டரையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், "கிட் மாத்தினா சரியாவாதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

ரேஸ் கொடுக்கும்போது புகை அதிகமாகி, குரல் அடைத்தது போலச் சத்தம் வந்து நின்றால், இது எதிர்ப்பக்கக் கோளாறு. காற்று போதவில்லை. ஏர் பில்டரில் மரத்தூள் அப்பியிருக்கும். கழற்றித் தட்டுங்கள். அது எந்த வகைப் பில்டர் என்று பார்த்து, கையேட்டில் சொன்னபடி கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வேலை செய்யும் நாட்களில் தினமும் இதைச் செய்ய வேண்டும். பில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது. தூள் உள்ளே போய் பிஸ்டனைத் தேய்த்துவிடும்.

"கால் மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் தானா நின்னுடுது"

இதில் கவனிக்க வேண்டியது நேரம். ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறதா?

முதல் சந்தேகம் பெட்ரோல் டேங்கின் காற்று வழி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கு ஒரு சிறு வழி இருக்கும். அது தூளால் அடைத்துக்கொண்டால், வாய் மூடிய பாட்டிலில் உறிஞ்சுகுழல் போட்டு உறிஞ்சுவது போல ஆகிவிடும். கொஞ்ச நேரம் வரும், பிறகு வராது. மெஷின் நின்றவுடன் திறக்காமல், ஆறவிட்டு மூடியை மெதுவாகத் திருகுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன்பின் மெஷின் ஓடினால் இதுதான் கோளாறு. சுத்தம் செய்தால் போதும்.

இரண்டாவது சந்தேகம் காயில். சூடானால் பொறி கொடுக்காது, ஆறினால் கொடுக்கும். நின்றவுடனே பொறி இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆறிய பிறகு கடைக்கு எடுத்துப்போனால் அங்கே நன்றாக ஓடும், கோளாறே தெரியாது.

மூன்றாவது, அழுத்தம் குறைவது. பிஸ்டன், ரிங் தேய்ந்திருந்தால் சூட்டில் இன்னும் தளர்ந்துவிடும். இதற்கு ஒரு சோதனை உண்டு. சுவிட்சை ஆஃப் செய்து, பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுங்கள். கைக்கு இறுக்கம் தெரிய வேண்டும். கிணற்றில் வாளி இல்லாத கயிறு போல லேசாக வந்தால் அழுத்தம் இல்லை. சில மெஷின்களில் ஸ்டார்ட் செய்ய எளிதாக ஒரு பொத்தான் இருக்கும். அது அழுத்தியிருந்தாலும் லேசாகத்தான் வரும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரேஸ் விட்டாலும் சத்தம் குறையல, தானா ஏறுது"

சகோதரிகளே, இந்தப் புகாரை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகிறது. சீல் தேய்ந்திருக்கலாம், கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் கிழிந்திருக்கலாம், பைப் வெடித்திருக்கலாம். காற்று அதிகம் என்றால் பெட்ரோல் குறைவு. பெட்ரோல் குறைவு என்றால் ஆயில் குறைவு. சத்தம் ஜோராக இருக்கும், "இன்னிக்கு மெஷின் சூப்பரா ஓடுது" என்று தோன்றும். சீஸ் ஆவதற்கு முன் வரும் சத்தம் அது.

உடனே சுவிட்சை ஆஃப் செய்ய வேண்டும். சுவிட்சில் நிற்காவிட்டால் சோக்கைப் போட்டால் நின்றுவிடும். சரிசெய்யாமல் மறுபடி ஓட்டக் கூடாது. "இந்த ஒரு மரத்த மட்டும் முடிச்சிட்டு பாத்துக்கலாம்" என்றால், அந்த ஒரு மரத்தின் கூலிக்காக முழு மெஷினையும் இழக்க நேரிடும்.

"சும்மா ஓடும்போதே சங்கிலி சுத்துது"

ரேஸ் கொடுக்காதபோது சங்கிலி அசையக் கூடாது. சுற்றினால் மெது ஓட்டத்தின் வேகம் அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது கிளச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இது உயிருக்கே ஆபத்து. சரிசெய்யும்வரை யாரும் வேலைக்கு எடுத்துப்போகக் கூடாது.

"இன்ஜின் நல்லா ஓடுது, ஆனா மரத்துல வெட்டே விழல"

இது இன்ஜின் கோளாறே இல்லாமல் இருக்கலாம். கீழே விழும் தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் சங்கிலி கூர்மையாக இருக்கிறது. மாவு போலப் பொடியாக விழுந்தால் மழுங்கிவிட்டது. சாய்ந்த மரத்தை அறுக்கும்போது சங்கிலி மண்ணிலோ ஆணியிலோ ஒருமுறை பட்டாலே போதும், மழுங்கிவிடும். மழுங்கிய சங்கிலியோடு அழுத்தி அறுத்தால் இன்ஜின்தான் சூடாகும். அரம் போட்டுத் தீட்டினால் தீரும் விஷயத்துக்கு இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்.

சங்கிலிக்கு ஊற்றும் ஆயில் டேங்க் தனி. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அதையும் நிரப்ப வேண்டும். பட்டையில் இருந்து புகை வந்தால் அந்த ஆயில் வரவில்லை.

புகைதான் அதிகம், இழுவை இல்லை என்றால் சைலன்சரில் உள்ள சிறு வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கரி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும்.

பிளக் சொல்லும் கதை

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல, இன்ஜினுக்குப் பிளக். வேலை முடிந்து ஆறிய பிறகு கழற்றி நிறத்தைப் பாருங்கள்.

• டீ நிறம், லேசான பழுப்பு: எல்லாம் சரியாக இருக்கிறது.
• கறுப்பு, கரி அல்லது எண்ணெய்ப் பிசுக்கு: பெட்ரோல் அல்லது ஆயில் அதிகம். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், சோக்கிலேயே ஓட்டியிருக்கலாம்.
• வெள்ளை, காய்ந்து சுட்டது போல: பெட்ரோல் குறைவு, இன்ஜின் அதிகம் சூடாகிறது. நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கருத்த பிளக்கால் செலவு குறைவு. வெளுத்த பிளக்கைத்தான் கண்டு பயப்பட வேண்டும்.

திருகாணிகளைத் தொடாதீர்கள்

கார்பரேட்டரில் மூன்று திருகாணிகள் இருக்கும். எல் என்ற எழுத்து மெது ஓட்டத்துக்கான பெட்ரோல், எச் என்பது வேக ஓட்டத்துக்கான பெட்ரோல், மூன்றாவது மெது ஓட்ட வேகம். மெஷின் சரியாக இழுக்கவில்லை என்றால் நம் வீட்டு ஆட்கள் முதலில் ஸ்குரூ டிரைவரைத்தான் எடுக்கிறார்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய மெஷினில் திருகாணி தானாக மாறியிருக்க வாய்ப்புக் குறைவு. பில்டரோ பைப்போ கெட்டிருக்கும். அதை விட்டுவிட்டுத் திருகாணியைத் திருகினால் கோளாறு மறையும், தீராது.

குறிப்பாக எச் திருகாணியை வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறைந்து சத்தம் ஏறும். பலம் வந்துவிட்டது என்று நினைப்போம். ஆயிலும் சேர்ந்துதான் குறைகிறது என்பதை மறந்துவிடுவோம். பில்டர், பிளக், பைப் எல்லாம் பார்த்த பிறகு, கடைசியாகத்தான் திருகாணி. அதுவும் தெரிந்தவர் கையால்.

பெட்ரோல், ஆயில் கலக்கும் கணக்கு

"கண்ணளவுல ஊத்திக்குவோம்" என்பதில்தான் பல மெஷின்கள் போயிருக்கின்றன. கையேட்டில் 50-க்கு 1 என்று இருந்தால்:

1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில்
5 லிட்டருக்கு 100 மில்லி

25-க்கு 1 என்று இருந்தால்:

1 லிட்டருக்கு 40 மில்லி
5 லிட்டருக்கு 200 மில்லி

எந்தக் கணக்கு என்பது மெஷினையும் ஆயிலையும் பொறுத்தது. கையேட்டைப் பாருங்கள், அல்லது வாங்கிய கடையில் கேட்டு எழுதி வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டால் அளவு தவறாது. தனி கேனில் கலந்து, குலுக்கி, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். கேன் மேல் "ஆயில் கலந்தது" என்று தேதியோடு எழுதுங்கள். ஆயில் கலக்காத பெட்ரோலை ஒரே ஒருமுறை ஊற்றி ஓட்டினாலும் பிஸ்டன் போய்விடும்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் உள்ள மீனவக் குடும்பத்துச் சகோதரிகள், "படகு இன்ஜின்ல மண்ணெண்ணெய் ஊத்துறோமே, இதுல ஊத்தினா இன்னா?" என்று கேட்கிறார்கள். சில படகு இன்ஜின்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. இந்த மெஷின் அப்படியல்ல. மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது.

இன்னொன்று. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து கேனின் அடியில் தங்கிவிடும். அது இன்ஜினுக்குள் போனால் ஓடாது, ஆயிலும் சரியாகச் சேராது. ரப்பர் பைப், டயாப்ரம் ஆகியவற்றையும் எத்தனால் கெடுக்கும். பல கம்பெனிகளின் கையேடுகள் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. உங்கள் மெஷினுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று கடையில் கேளுங்கள். நாம் செய்யக்கூடியது இதுதான்: ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், கேனை இறுக மூடுங்கள், ஒரு மாதம் ஆன கலவையை ஊற்றாதீர்கள். வேலை இல்லாத காலத்தில் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை மெதுவாக ஓடவிட்டு எடுத்துவையுங்கள்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

நம் பகுதியில் ஜன்னல் கம்பியே சில வருடத்தில் துருப்பிடிக்கிறது. மெஷினின் ஒயர் முனைகளும் சுவிட்சும் அப்படித்தான். வேலை முடிந்ததும் துடைத்து, சங்கிலிக்கு ஆயில் தடவி, சாக்கில் சுற்றாமல் காய்ந்த இடத்தில் உயரமாக வையுங்கள். ஈரச் சாக்கு உப்பைப் பிடித்துவைக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். அப்படி மெஷின் தண்ணீரில் மூழ்கிவிட்டால், ஓடுகிறதா என்று கயிறு இழுத்துப் பார்க்காதீர்கள். தண்ணீரை இறுக்க முடியாது, உள்பாகம் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்துத் தண்ணீரை வடியவிடுங்கள். டேங்கில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். அன்றோ மறுநாளோ மெக்கானிக்கிடம் சேர்த்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோனால் உள்ளே துருப்பிடித்திருக்கும்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

"மெஷின் ஓடல, பாருங்க" என்று மட்டும் சொன்னால், எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து எல்லாவற்றுக்கும் கூலி போடுவார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, காலையில நல்லா ஸ்டார்ட் ஆவுது. இருவது நிமிஷம் ஓடி நின்னுடுது. மூடியைத் திறந்து பாத்தோம், காத்து சத்தம் இல்ல. பிளக் புதுசு. பில்டர் சுத்தம் பண்ணியாச்சு. சூடா இருக்கும்போது கரண்ட் வருதான்னு பாருங்க." தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். நல்ல மெக்கானிக்குக்கு இது உதவியும்கூட.

மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்.

1. பிரிக்கும் முன் தோராயச் செலவு.
2. மாற்றிய பழைய சாமான்.
3. "பிஸ்டன் போயிடுச்சு" என்றால் சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் காட்டச் சொல்லுங்கள். மேலும் கீழுமாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் உண்மை. வழவழப்பாக இருந்தால் இன்னொருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெஷினுக்கு ஒரு நோட்டு

நம் குழுவில் தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு எல்லாம் வைத்திருக்கிறோம். கடனில் வாங்கிய மெஷினுக்கும் 40 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். பெட்ரோல் கலந்த தேதி, பில்டர் சுத்தம் செய்த தேதி, பிளக் மாற்றிய தேதி, எத்தனை நாள் வேலை, எப்போது எப்படி நின்றது, எவ்வளவு செலவு. மெஷின் பிடிப்பவர் சொல்லச் சொல்ல நீங்களோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ எழுதலாம். நாலு மாதம் எழுதினால் இந்த மெஷின் லாபமா, கடனா என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு, மாதத் தவணை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் மாதம் 200 ரூபாயை "மெஷின் பணம்" என்று தனியாக எடுத்து வைத்தால், வருடத்துக்கு 2,400 ரூபாய் சேரும். பிளக், பில்டர், கிட், சங்கிலி தீட்டும் அரம் ஆகியவற்றுக்கு வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை.

மெஷின் கடன் கேட்டு மனு வரும்போது, குழு ஊக்குநரும் பிரதிநிதியும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். மெஷினை ஓட்டத் தெரிந்தவர் யார்? நோட்டு எழுதப் போகிறவர் யார்? இரண்டுக்கும் பதில் கிடைத்தால் கடன் கொடுங்கள்.

களை வெட்டும் மெஷின், மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர் ஆகியவற்றிலும் ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் வகை உண்டு. அவற்றுக்கும் இதே நான்கு கேள்விகள்தான். காற்று, பெட்ரோல், பொறி, அழுத்தம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை யாராவது ஒருவர் உரக்கப் படியுங்கள். மெஷின் வைத்திருக்கும் உறுப்பினர் பழைய பிளக் ஒன்றையும் ஏர் பில்டரையும் எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டட்டும். ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். கடன் நம் பெயரில் இருக்கிறது, மெஷினைப் பற்றிய விவரமும் நம்மிடம் இருக்கட்டும்.